உணவும் மரபணுவும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றாலே, "இது பரம்பரை, ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். "வாயைக் கட்டாததால் வந்த வினை" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே நோயாளியைத்தான் நோகடிக்கின்றன, இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. நாம் சாப்பிடுவது மரபணுக்களின் வேலையைச் சில மணி நேரத்துக்குள் கூட்டுகிறது, குறைக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு பாதி கெட்டுப்போய், மறு பாதி விடாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் இந்தப் பிரச்சினையின் மையம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே இருக்கும்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஐந்து அளவுகளில் ஏதாவது மூன்று எல்லை தாண்டியிருந்தால் இந்தப் பெயர். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல். ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 150 மி.கி. அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40க்குக் கீழ், பெண்களுக்கு 50க்குக் கீழ். ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். அப்புறம் இடுப்புச் சுற்றளவு. இடுப்பளவுக்கு மட்டும் உலகம் முழுவதற்கும் ஒரே எல்லை கிடையாது. தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்று வைத்திருக்கிறார்கள். மாத்திரை போட்டு அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கும் அந்த அம்சம் இருப்பதாகவே கணக்கு.

இவற்றில் பல ஒரே ஆளிடம் ஏன் கூடி வருகின்றன என்ற கேள்வியை 1988இல் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் அழுத்தமாக முன்வைத்தார். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காததே பொதுவான வேர் என்றார். அந்த நிலையைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

பிறக்கும்போதே வந்த மரபணு, சாப்பாட்டால் எப்படி மாறும்?

மரபணுவின் எழுத்து வரிசை மாறாது. அது எவ்வளவு படிக்கப்படுகிறது, அதாவது அதிலிருந்து எவ்வளவு புரதம் தயாராகிறது என்பதுதான் மாறுகிறது. மனிதனிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் செல்லிலும் தசைச் செல்லிலும் இருப்பது ஒரே தொகுப்புதான். எதை எவ்வளவு படிப்பது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. ஒரு மரபணுவை ஃபேன் ரெகுலேட்டராக நினைத்துக்கொள்ளலாம். ஓடுகிறதா நிற்கிறதா என்பதைவிட, இரண்டில் ஓடுகிறதா ஐந்தில் ஓடுகிறதா என்பதே பெரும்பாலும் முக்கியம்.

அதைத் திருகுவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. படியெடுத்தல் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். இவற்றில் பல, உணவிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தையோ சர்க்கரையின் சிதைவுப் பொருளையோ தாமே உணரக்கூடியவை. மற்றவை இன்சுலின் போன்ற ஹார்மோன் வழியாகச் சேதி பெறுகின்றன. ஆக, ஒவ்வொரு வேளை உணவும் எரிபொருளாக இருப்பதோடு மரபணுக்களுக்கு ஓர் உத்தரவாகவும் போய்ச் சேருகிறது.

சரி, ஒரு வேளை சாப்பிட்டதும் கல்லீரலில் என்னதான் நடக்கிறது?

மாவுச்சத்து நிறைந்த ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை ஏற, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது கல்லீரல் செல்லைத் தொட்டதும் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, சர்க்கரை உற்பத்தியைக் குறைப்பது. பட்டினியில் கல்லீரல் தானே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும். அதற்கான மரபணுக்களை ஓட்டுவது ஃபாக்ஸோ1 என்ற புரதம். இன்சுலின் வந்ததும் ஃபாக்ஸோ1 மீது பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. அது செல்லின் உட்கருவைவிட்டு வெளியேறிவிடுகிறது. உற்பத்தி தணிகிறது.

இரண்டாவது வேலை, மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றிச் சேமிப்பது. இதற்கு எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், கொழுப்பு அமிலம் தயாரிக்கும் மரபணுக்களைக் கூட்டுகிறது. பக்கத்திலேயே இன்னொன்று, சிஎச்ஆர்இபிபி. அது இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. செல்லுக்குள் நுழைந்த சர்க்கரையையே உணர்ந்து அதே கொழுப்பு மரபணுக்களைக் கூட்டும்.

சில மணி நேரம் கழித்து வயிறு காலியானதும் எல்லாம் திரும்புகிறது. ஃபாக்ஸோ1 உள்ளே வருகிறது. பிபார்-ஆல்ஃபா என்ற இன்னொரு காரணி, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களை உணர்ந்து, அவற்றை எரிக்கும் மரபணுக்களை ஏற்றிவிடுகிறது. ஆரோக்கியமான உடலில் இந்தப் போக்குவரத்து நாளுக்கு நாள் சத்தமில்லாமல் நடக்கிறது.

இன்சுலின் எதிர்ப்பு வந்தால் சர்க்கரை ஏறுவது புரிகிறது. கொழுப்பும் ஏன் சேர்ந்து ஏறுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நியாயமாக யோசித்தால் என்ன எதிர்பார்ப்போம்? கல்லீரலுக்கு இன்சுலின் சொல்வது கேட்கவில்லை என்றால் இரண்டு வேலையும் நிற்க வேண்டும். சர்க்கரை உற்பத்தி குறையாது, அதனால் சர்க்கரை ஏறும். கொழுப்புத் தயாரிப்பும் நடக்காது, அதனால் ட்ரைகிளிசரைடு குறைய வேண்டும். ஆனால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவரின் ரிப்போர்ட்டில் இரண்டுமே ஏறியிருக்கின்றன.

காரணம், கல்லீரல் அரைச் செவிடாகிறது. ஃபாக்ஸோ1ஐ வெளியேற்றும் உத்தரவு அதன் காதில் விழுவதில்லை. கொழுப்பைத் தயாரிக்கச் சொல்லும் உத்தரவு மட்டும் நன்றாக விழுகிறது. சர்க்கரை இறங்கவில்லையே என்று கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின், கேட்கிற பாதையில் போய் எஸ்ஆர்இபிபி-1சியை மேலும் மேலும் தூண்டுகிறது. சர்க்கரையைக் குறைக்க உடல் செய்யும் முயற்சியே கல்லீரலில் கொழுப்பை ஏற்றுகிறது. கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 2008இல் இந்த முரணைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள்.

இதற்கு மனிதர்களிடமே சாட்சி உண்டு. செல்லில் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் புரதமான இன்சுலின் ஏற்பி, அதன் மரபணுவே பழுதாகப் பிறந்தவர்கள் மிக அரிதாக இருக்கிறார்கள். அவர்களுக்கு முழுச் செவிடு. சர்க்கரை கடுமையாக ஏறுகிறது, ஆனால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும் ஃபேட்டி லிவர் வருவதில்லை, ட்ரைகிளிசரைடும் ஏறுவதில்லை. நம்மிடையே சாதாரணமாகக் காணும் இன்சுலின் எதிர்ப்பில் இரண்டும் வருகின்றன என்றால், அது அரைச் செவிடு என்பதால்தான்.

இந்த நிலையில் உணவின் பங்கு இன்னும் கூடுகிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு இன்சுலின் சுரக்கும். அவ்வளவும் திறந்திருக்கும் ஒரே பாதையில் போகும்.

நான் எண்ணெய், நெய் எதையும் தொடுவதில்லை. எனக்கு ஏன் ட்ரைகிளிசரைடு அதிகம்?

மேலே சொன்ன கல்லீரல் தொழிற்சாலைதான் ஒரு காரணம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் கல்லீரலில் இருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்ட மூலக்கூறுகளை வைத்துத் தேடினார்கள். நேரடியாக உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது சுமார் 15 சதவீதம்தான். சுமார் 26 சதவீதம் கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. மீதி 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசு அவிழ்த்துவிட்ட கொழுப்பு அமிலங்கள். அதுவும் இன்சுலின் எதிர்ப்பின் விளைவே. சாதாரணமாக, கொழுப்புத் திசுவைப் பூட்டிவைப்பது இன்சுலின்தான்.

இனிப்புப் பானங்கள் இதில் தனி ரகம். சாதாரண சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதில் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள வேண்டியிருக்கிறது, அதுவும் இன்சுலின் அனுமதி இல்லாமல், வேகக் கட்டுப்பாடு இல்லாமல். சிஎச்ஆர்இபிபியைத் தூண்டுவதில் அதற்கு வல்லமை அதிகம். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்பவரிடம் நான் முதலில் கேட்பது, குடிக்கும் சர்க்கரையை நிறுத்த முடியுமா என்றுதான்.

அப்படியானால் பழமும் கூடாதா?

முழுப் பழம் வேறு. நார்ச்சத்தோடு, நீரோடு, மென்று தின்னும் வேகத்தில் வருகிறது. ஒரு தடவைக்கு உள்ளே போகும் ஃபிரக்டோஸின் அளவும் குறைவு. பழச்சாற்றுக்கு இந்தச் சலுகை இல்லை.

எந்தக் கொழுப்பைச் சாப்பிடுகிறோம் என்பது மரபணுக்களுக்குத் தெரியுமா?

தெரிகிறது. மீனிலும் சில விதைகளிலும் உள்ள ஒமேகா-3 போன்ற பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் எஸ்ஆர்இபிபி-1சியை அடக்குகின்றன, கொழுப்பை எரிக்கும் பிபார்-ஆல்ஃபாவைத் தூண்டுகின்றன. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் மருந்தளவில் ஒமேகா-3 கொடுப்பதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம். ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகை மாத்திரைகளும் இதே பிபார்-ஆல்ஃபாவைத்தான் தூண்டுகின்றன.

ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனையை எனக்கு மிகவும் பிடிக்கும். 2014இல் வெளியானது. 39 ஒல்லியான இளைஞர்களுக்கு 7 வாரம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. மாவு, சர்க்கரை, கலோரி எல்லாம் ஒன்றே. இரு தரப்புக்கும் எடை சுமார் 1.6 கிலோ கூடியது. ஆனால் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் சேர்ந்த கொழுப்பு பாமாயில் தரப்பில் கணிசமாக அதிகம். சூரியகாந்தி தரப்பில் கொழுப்பற்ற திசு கூடுதலாக வளர்ந்திருந்தது. தோலுக்கடியிலிருந்து எடுத்த கொழுப்புத் திசுவில் மரபணுக்களின் ஓட்டமும் இரு தரப்பிலும் வேறுபட்டது. தராசு ஒரே எண்ணைக் காட்டியது, உடலுக்குள் நடந்தது வேறாக இருந்தது.

இதை வைத்து, எந்த எண்ணெயையும் அளவில்லாமல் ஊற்றலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. இரு தரப்புமே எடை கூடியது.

ஒல்லியாக இருக்கும் சிலருக்கும் ஃபேட்டி லிவர் வருகிறதே?

இங்கேதான் பரம்பரையும் உணவும் கைகோத்துக்கொள்கின்றன. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது தயாரிக்கும் புரதத்தில் 148ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால் கல்லீரலில் கொழுப்புத் தங்கும் வாய்ப்பு கூடுகிறது. 2008இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ் குழுவினர் கண்டுபிடித்தது இது.

கவனிக்க வேண்டியது அடுத்த விஷயம். இந்த மரபணுவை ஓட்டுவது யார்? அதே எஸ்ஆர்இபிபி-1சியும் சிஎச்ஆர்இபிபியும்தான். அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகமாகச் சாப்பிட்டால் இந்தப் புரதம் அதிகமாகத் தயாராகும். சாதாரண வடிவம் என்றால் வேலை முடிந்ததும் செல் அதைச் சிதைத்துவிடும். மாறிய வடிவம் சிதைவுக்குத் தப்பி, கொழுப்புத் துளியின் மேற்பரப்பில் படிந்து, கொழுப்பை வெளியேற விடாமல் செய்கிறது. மாறிய மரபணுவைப் புகுத்திய எலிகளுக்குச் சாதாரணத் தீனி போட்டபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை நிறைந்த தீனி போட்டபோதுதான் கல்லீரலில் கொழுப்பு ஏறியது.

இன்னொரு ஆறுதலான செய்தியும் உண்டு. மாவுச்சத்தைக் குறைத்த உணவை ஆறு நாள் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், இந்த மாற்றத்தின் இரு பிரதிகளையும் சுமந்தவர்களுக்குத்தான் கல்லீரல் கொழுப்பு அதிகமாகக் குறைந்தது. ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கே பலனும் கூடுதலாகக் கிடைத்தது.

"குண்டாக்கும் மரபணு" என்று ஒன்று இருக்கிறதாமே?

எஃப்டிஓவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2007இல் தெரியவந்தது. அதன் ஆபத்து வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள் சராசரியாக 3 கிலோ எடை கூடுதலாக இருக்கிறார்கள். மூன்று கிலோ, அவ்வளவுதான். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் இதன் தாக்கம் சுமார் 27 சதவீதம் குறைவாக இருந்தது. எடை குறைப்புச் சோதனைகளில் இந்த வடிவம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அளவில்தான் எடை குறைந்தார்கள். இந்த மரபணுவின் பெயரைச் சொல்லி யாரும் மனம் தளர வேண்டிய அவசியம் இல்லை.

எபிஜெனெடிக்ஸ் என்று அடிக்கடி படிக்கிறோம். தாத்தா சாப்பிட்டது பேரனைப் பாதிக்குமா?

டிஎன்ஏ மீதும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் மீதும் ஒட்டும் மெத்தில், அசிட்டைல் போன்ற சிறு வேதி அடையாளங்களைப் பற்றிய அறிவியல் அது. எழுத்து மாறாது, எந்தப் பக்கம் எளிதில் திறக்கும் என்பது மாறும். இந்த அடையாளங்களுக்கான மூலப்பொருள்கள் உணவிலிருந்தே வருகின்றன: மெத்தில் குழுக்களுக்கு ஃபோலேட், கோலின், பி12 போன்றவை துணை நிற்கின்றன, அசிட்டைல் குழு, சர்க்கரையும் கொழுப்பும் சிதைந்து வரும் அசிட்டைல்-கோஏவிலிருந்து வருகிறது. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் பியூட்டிரேட், இந்த அசிட்டைல் அடையாளங்களை அழிக்கும் நொதிகளைத் தடுக்கிறது. முக்கியமாகக் குடல் செல்களில்.

கருவில் இருக்கும்போது நடப்பது பற்றி வலுவான சான்று உண்டு. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம். அந்தச் சமயத்தில் கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணுவில் மெத்தில் அடையாளங்கள் அவர்களுடைய சொந்த உடன்பிறப்புகளைவிடச் சற்றுக் குறைந்திருந்தன. கருவில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைவாக இருந்தது. கர்ப்பிணிகளின் உணவுக்கு நாம் கொடுக்கும் அக்கறை ஒரு தலைமுறையின் சர்க்கரை நோயையும் தொட்டு நிற்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆனால் தாத்தாவிலிருந்து பேரனுக்கு என்பது வேறு கேள்வி. எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் குடும்பப் பழக்கம், வறுமை, மரபணு மூன்றும் பின்னிக் கிடப்பதால் அதைத் தனியே பிரித்துக் காட்டுவது கடினம். இதை உறுதியான உண்மையாக விற்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியமா?

கல்லீரலுக்கென்று ஒரு உயிரியல் கடிகாரம் இருக்கிறது. கிளாக், பிமால்1 போன்ற மரபணுக்கள் அதை ஓட்டுகின்றன, சாப்பாட்டு நேரம் அதைத் திருத்திவைக்கிறது. ஒரே உணவுக்கு மாலையில் சர்க்கரை காலையைவிட அதிகம் ஏறுவது பலரிடம் பார்த்த விஷயம். 2012இல் சச்சின் பாண்டா என்ற ஆய்வாளரின் குழு, எலிகளுக்குக் கொழுப்புத் தீனியை நாளில் 8 மணி நேரம் மட்டும் கொடுத்து, நாள் முழுக்கத் தின்ற எலிகளைவிட அவை மிகவும் ஆரோக்கியமாக இருந்ததைக் காட்டியது. மனிதர்களில் பலன் அவ்வளவு பளிச்சென்று இல்லை. 2022இல் வெளியான 139 பேர் கொண்ட ஓராண்டுச் சோதனையில், கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும் கலோரியோடு நேரத்தையும் சுருக்கியவர்களுக்கும் எடை குறைந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரவு தாமதமாகக் கொறிப்பதை விடுவது நல்லது. நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அளவை மறப்பது வீண்.

மரபணு பரிசோதனை செய்து அதற்கேற்ற டயட் எடுக்கலாமா?

இப்போதைக்குப் பணத்தைச் சேமியுங்கள் என்பதே என் கருத்து. 2018இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தது. ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. யாருக்கு எது பொருந்தும் என்று மரபணு வடிவம் சொல்லுமா என்று பார்த்தார்கள். சொல்லவில்லை. இரு தரப்பும் சராசரியாக 5 முதல் 6 கிலோ குறைந்தார்கள். ஒவ்வொரு தரப்புக்குள்ளும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது, ஆனால் அந்த வித்தியாசத்தை மரபணுப் பட்டியல் கணிக்கவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் இடுப்பு நாடாவும் சொல்வது இன்னும் பயனுள்ளது, மலிவானதும்கூட. குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே சர்க்கரையோ மிக உயர்ந்த கொலஸ்ட்ராலோ இருந்தால் அது வேறு. அங்கே ஒற்றை மரபணுக் கோளாறைத் தேட மருத்துவர் சொல்லும் சோதனைக்கு நிஜமான பயன் உண்டு.

உணவை மாற்றினால் எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

கல்லீரல் மிக வேகமானது. 2011இல் பிரிட்டனின் நியூகாசிலில் ராய் டெய்லர் என்ற மருத்துவரின் குழு, சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளே ஆன 11 பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி உணவைக் கொடுத்தது. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது, கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. பிறகு நடந்த பெரிய சோதனையில், தீவிர உணவுத் திட்டத்தை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மாத்திரை இல்லாமல் சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதம். இது மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டியது.

இவ்வளவு கடுமை எல்லோருக்கும் தேவையில்லை. 2002இல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான் இலக்கு. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்.

நான் ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறேன். நாளையிலிருந்தே மாவுச்சத்தைக் குறைக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே குறைக்க வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகும் நிலை வரக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணவு மாறிய முதல் சில வாரங்களில் பிபி மாத்திரையின் அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும், அழுத்தம் தானாகவே இறங்கலாம்.